ஐந்தாவது துணி

துறைமுகத்துப் பீரங்கியைச் சுடுகிறவர் அவள் கணவர். சுட்டபின் துடைத்துக் கழுவுகிறவள் அவள். பதினெட்டு வருஷம் வெடிக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது போய்விட்டது. அவளுக்கோ பிறந்ததிலிருந்தே குரல் எழும்பாது; பேசினால் காற்றுதான் வரும். "காது கேக்காதவருக்கு வாய் திறக்காதவ. பொருத்தம் பாத்துத்தான் கட்டி வச்சிருக்காங்க" என்று அடுத்த வீட்டு மீன்காரி சிரிப்பாள்.

உத்தரவு காதில் விழாமல் ஏற்கெனவே இரண்டு முறை வெடி பிந்திவிட்டது. இன்னொரு முறை பிந்தினால் வேலையும், வேலையோடு தந்திருக்கும் ஒற்றை அறையும் கிடையாது என்று அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார்.

அன்று, உள்ளே வரும் கப்பலுக்கு மரியாதையாக மூன்று வெடி. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்தே நிமிஷம். அதற்குள் பீரங்கிக் குழலில் ஈரப் பஞ்சுக்கோலை விட்டுத் தணலை அவிக்க வேண்டும். பிறகு கோல் முனையில் துணி சுற்றிக் கரியை வழிக்க வேண்டும். வெந்நீரும் சோப்பும் எண்ணெயும் மூன்று வெடியும் முடிந்த பிறகுதான். ஒரு வெடிக்கு ஐந்து துணி. வெளியே வந்ததை வாளி விளிம்பில் வரிசையாகப் போடுவது அவள் வழக்கம்.

இரண்டாவது வெடிக்குப் பின் துடைத்து முடித்தாள். விளிம்பில் நாலுதான் கிடந்தன.

வாளிக்குப் பின்னால் பார்த்தாள். சக்கரத்தடியில் பார்த்தாள். துணி குழலின் அடியில் தங்கி, ஒரு பொறி அதில் பற்றியிருந்தால், வெடிமருந்துப் பையை இடித்து இறக்கும்போதே வெடிக்கும். இடிக்கிற கணவரின் கை இரண்டும் குழல் வாய்க்கு நேரே இருக்கும்.

கோலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததால் இல்லை என்று ஆகிவிடுமா?

"என்னம்மா, உள்ள புதையலா தேடுற? மூணு நிமிஷம்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

"சார், துணி..." அவளுக்கே கேட்கவில்லை.

கணவர் மருந்துப் பையோடு வந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துத் தலையை ஆட்டினாள். பிந்திவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டார். "நேரம் இருக்கு, தள்ளு" என்று குழல் வாயை நோக்கிக் குனிந்தார்.

அவரைத் தோளால் இடித்துத் தள்ளினாள். வாளியைத் தூக்கிக் குழலுக்குள் கவிழ்த்தாள். நெருப்பணைக்க வைத்திருந்த இன்னொரு வாளியையும் ஊற்றினாள். திரி வைக்கும் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது.

மூன்றாவது வெடி இல்லாமலே கப்பல் உள்ளே வந்தது.

அதிகாரி கத்தவில்லை. "ரூம் சாவிய நாளைக்குக் காலையில ஆபீஸ்ல குடுத்துடுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

குழலைச் சாய்த்தார்கள். கரித்தண்ணீர்தான் வந்தது. கையைத் துடைக்க இடுப்புக்குக் கொண்டுபோனபோது விரலில் பட்டது ஐந்தாவது துணி. எப்போது செருகினாள் என்று ஞாபகமே இல்லை. எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் துணியைப் பார்த்தார், பீரங்கியைப் பார்த்தார்.

கரியோடு விட்டால் விடிவதற்குள் துரு ஏறிவிடும். வெந்நீர் போட்டுச் சோப்பு கரைத்தாள். அவர் வாளியருகே உட்கார்ந்து துணியை எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு" என்றார், பாதி ஊருக்குக் கேட்கும்படி. போன துணி வெளியே வரும்வரை அடுத்ததைக் கொடுக்கவில்லை.

ஐந்தாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு எங்க போறது?"

அவள் துணிக்காகக் கையை நீட்டியபடி நின்றாள்.