திரேசா வீட்டுப் பங்கு

திருகோணமலைக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் யாரும் எங்களைத் தேடி வந்தவர்கள் அல்லர். "திரேசா" என்று கூப்பிடுவார்கள். நான் போய்த் திறப்பேன். என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள்ளே பார்த்து, "திரேசா, சந்தைக்குப் போறன்" என்றோ, "திரேசா, பின்னேரம் கோயிலிலை செபம் இருக்கு" என்றோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பதிலுக்காக நிற்பதில்லை. நான் என்ன, கதவுக்கு மாட்டிய திரைச்சீலையா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அது யுத்தக் காலம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை கிடைத்ததால் நாகப்பட்டினத்திலிருந்து பிள்ளையோடு வந்து சேர்ந்தோம். ஜப்பான்காரன் குண்டு போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. குண்டு விழுந்த காலையில் ஊரே காட்டுப்பக்கம் ஓடியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். திரேசாவும் அவள் புருஷனும் யசிந்தா என்ற சின்ன மகளும் மட்டும் வரவில்லை. ஓடும்போது கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அவர்கள் வந்தால் உடனே காலி செய்ய வேண்டும் என்ற பேச்சோடுதான் அவர்களுடைய வீட்டைத் திரேசாவின் சொந்தக்காரர்கள் எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். அலுமாரியில் அவர்களுடைய உடுப்பு மடித்தபடி இருந்தது. குசினியில் சட்டிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. நான் எனக்கென்று ஒரு சட்டி வாங்கிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. இங்கே அதை நத்தார் என்கிறார்கள். நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் யாராவது புதிதாகக் குடிவந்தால் முதல் பலகாரத் தட்டு அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். "வந்தவங்க வாய் இனிக்கணும்" என்று அம்மா அதிரசம் அடுக்குவாள். இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, என் மகள் சவேரியிடம் தட்டுத் தட்டாக வரும் என்று சொல்லி வைத்திருந்தேன். அரிசியும் சீனியும் கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலம். நானாகச் செய்து கொடுக்க வழியில்லை. அவளோ காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தட்டு வந்தது. கொண்டுவந்தவள் திரேசாவின் கூடப்பிறந்த பிலோமினா அக்கா, இரண்டு வீடு தள்ளி இருப்பவள். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"இது திரேசா வீட்டுப் பங்கு" என்றாள். "மேசையிலை வையுங்கோ. அவை வரேக்கை பசியோட இருக்கக்கூடாது."

"அவங்க இல்லியேக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றவள், உள்ளே பார்த்து, "திரேசா, வைச்சிட்டுப் போறன்" என்றாள்.

ஒழுங்கை என்கிற எங்கள் சந்தில் இருந்த எல்லா வீட்டிலிருந்தும் தட்டு வந்தது. தங்கள் பிள்ளைகளுக்கே போதாத நாளில் பயத்தம் பணியாரமும் முறுக்கும் தொதல் துண்டும் கொண்டுவந்து, எல்லாருமே உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. இந்த வீட்டுப் பங்குக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. எங்களுக்கென்று ஒன்றும் வரவில்லை. "பேய்க்குப் பலகாரம், நமக்குப் பட்டினி" என்று வீட்டுக்காரர் சிரித்தார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். துணி மூடி வரிசையாக இருந்த அந்தத் தட்டுகளைப் பார்த்தால் பசியே பறந்துவிடும். யாரோ கைகழுவப் போயிருக்கிறார்கள், இதோ வந்து உட்காரப் போகிறார்கள் என்பது போலவே இருந்தது. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதிருக்க ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்ததால் பகலிலும் வீடு இருட்டு. என் பிள்ளைக்கு இந்த ஊரில் ஒரு வாய் பலகாரத்துக்கும் இடமில்லையா என்று எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் பிலோமினா அக்கா தட்டைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்று, "திரேசா" என்றாள்.

"ஓம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆமாம் என்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் ஓம் என்று சொல்வதில்லை. பிலோமினா அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேசைக்கு அடியில் சவேரி உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்கக் கூப்பிட்டும் யாரும் பதில் சொல்லாததைக் கேட்டுக் கேட்டு, பாவம் என்று நினைத்து, ஊர்ப்பிள்ளைகள் சொல்வது போல அவளே ஓம் என்றிருக்கிறாள். பிலோமினா அக்கா அவளை இழுத்து மடியில் வைத்து, தட்டின் துணியை விலக்கி, "சாப்பிடு யசிந்தா, சாப்பிடு குஞ்சு" என்று ஊட்டினாள். சவேரி இரண்டு கன்னமும் உப்ப மென்றாள். அவள் யசிந்தா இல்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. சொன்னால் தட்டை மூடிவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் என் பிள்ளையே போய்விடுமோ என்றும் பயம்.

இருட்டடிப்புக் காரணமாக நடுச்சாம நத்தார்ப் பூசையை அன்று பின்னேரத்துக்கே வைத்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை. கோயிலில் பெண்கள் பக்கம் திரேசா வீட்டுக்கென்று விரித்த ஒரு பாய் வெறுமையாகக் கிடந்தது. சனம் நெருக்கியடித்து உட்கார்ந்தும், அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். "யசிந்தா, வா" என்று பிலோமினா அக்கா கூப்பிட்டாள். சவேரி என் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அந்தப் பாயில் உட்கார்ந்தாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நான் பின்னாலேயே போனேன். "அக்கா, அவ பேரு சவேரி" என்றேன்.

பிலோமினா அக்கா முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "தெரியும் தங்கச்சி. எனக்கென்ன விசரா, பயித்தியமா?" என்றாள் மெதுவாக. "நான் கூப்பிட்டு எத்தினை மாசம், ஆரும் ஓம் எண்டு சொல்லயில்லை. அவை வருமட்டும் பிள்ளை இதிலை இருக்கட்டும். நீங்களும் இருங்கோ."

முழுதாக உட்கார எனக்கு மனம் வரவில்லை. அது திரேசாவின் இடம். எழுந்து போகவும் முடியவில்லை. என் பிள்ளை அங்கே இருந்தாள். ஒரு முழங்காலைப் பாயிலும் மற்றதை வெறுந்தரையிலும் ஊன்றி, எனக்கும் சவேரிக்கும் நடுவில் ஒரு பெண் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தேன். பூசை முடிந்து எழும்பும்போது, யாருமே உட்காராத அந்த இடத்தில் கையை ஊன்றினேன். பாய் சூடாக இருந்தது.