வெள்ளைக்காரன் மேப்பும் எங்கள் லைன் வீடும்

பழைய பசையும் கரையான் மண்ணும் சேர்ந்த புழுங்கல் வாசனை அந்த வரைபடத்துக்கு. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையை நான் அந்த வாசனையோடுதான் கழித்தேன், கழிக்க வைக்கப்பட்டேன் என்பதே சரி. பாகலூரில் எட்டு அறைகள் வரிசையாக இருந்த "லைன் வீட்டில்" ஓர் அறை எங்களுடையது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேறு வேறு கம்பெனிகளில் காலை "சிப்ட்டு". அக்கம்பக்கமும் அந்நேரம் காலியாகிவிடும் என்பதால் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். அந்த வரிசையில் வேறு இரண்டு பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலும் பிள்ளைகள் இருந்தார்கள். "பொட்டப்புள்ள, காலம் கெட்டுக் கெடக்குது" என்பார் அப்பா. எனக்கோ மூச்சு முட்டும்.

கம்பெனியில் கழித்துப்போட்ட அந்த வெள்ளைக்காரன் காலத்து "மேப்பை" சுவரின் ஈரத்தை மறைக்க அப்பா மாட்டியிருந்தார். ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒவ்வொன்றிலும் கோட்டையைக் குறிக்க ஒரு சதுரம், ஊர்களைத் தொட்டும் தொடாமலும் தென்பெண்ணை, கரையோரம் சரக்கு போன வழிக்குப் புள்ளிக்கோடு, ஆறு கடலில் சேரும் இடத்தில் பாய் விரித்த படகு. கடலில் நிற்கும் படகு எங்கள் ஊருக்கும் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஏறினால் அதே ஆற்றங்கரையில், காவேரிப்பட்டினத்தில் அத்தை வீடு. அங்கே பகலில் கதவைப் பூட்ட மாட்டார்கள்.

ஒருநாள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்த அவசரத்தில் அம்மா போட்ட பூட்டு விழவில்லை. மேப்பைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். கறுத்த தண்ணீர், கணுக்கால் அளவுக்கு. அத்தை வீட்டுக்குப் போகிற படகு எப்போது வரும் என்று ஆடு மேய்த்த அம்மாளிடம் கேட்டேன். "ஏது கண்ணு இங்க படகு? எரும படுத்தாக்கூட முதுகு நனையாது. எந்த ஊட்டுப் புள்ள நீ?" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்.

சிப்ட்டு முடிந்து வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் படகு கேட்ட கதையை ஆட்டுக்கார அம்மாள் சொல்ல, கேட்டுக்கொண்டாள். அடிக்கவில்லை.

"அத்த ஊட்டுக்குக் கெளம்பினியே, என்னியத் தேடி வரணும்னு தோணலியா?"

"நீ வேல செய்யற எடம் மேப்புல இல்லம்மா."

மறுநாள் காலை அழுதுகொண்டே பூட்டினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அன்று அவளை நான் வெறுத்தேன்.

இப்போது அந்த லைன் வீடு இருந்த இடத்தில் லாரி கிடங்கு. மேப்பைக் கரையான் தின்று தீர்த்தது. ஆற்றில் மழை பெய்தால் கம்பெனிக் கழிவு நுரை மலை மலையாக எழுகிறது. அம்மா ஓசூரில் என்னோடு இருக்கிறாள். நான் வேலைக்குப் போனதும் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு பகலெல்லாம் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாளாம். நாய் உள்ளே வருகிறது, சாத்தி வையம்மா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"வந்துட்டுப் போவட்டும்" என்கிறாள்.