வெள்ளி கறுக்கும் என்று சொல்கிறவர்

"கறுக்கும் அம்மா. கட்டாயம் கறுக்கும்" என்கிறார் ஆனந்தகிருஷ்ணன், கொலுசைக் கையில் எடுத்த பெண் விலை கேட்கும் முன்பே. அந்தப் பெண் கொலுசைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். கொழும்பு வெள்ளவத்தையில் நகைக்கடைக்கா பஞ்சம்?

கடை அவருடைய மாமா காளியப்பனுக்குச் சொந்தம். மருமகன் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவர். படிப்பு முடிந்த கையோடு மாமா அவரைக் கடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆள் வந்துவிட்டார், இரசாயனமும் கூடவே வந்துவிட்டது. நாற்பதைத் தொடும் வயது, கசங்காத சட்டை, பையில் இரண்டு பேனா. யாராவது ஏன் கறுக்கும் என்று கேட்டுவிட்டால் போதும், மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"உப்புல சோடியம் இலத்திரனை, அதான் எலக்ட்ரானை, குடுத்திடும், குளோரின் வாங்கிக்கும். அதோட முடிஞ்சுது. வெள்ளியும் கந்தகமும் அப்படியில்லீங்க. அதுங்க பெரும்பாலும் பங்கு போட்டுக்கிட்டுப் பிடிச்சுக்கும், லேசில விடாது."

தோடு வாங்க வந்தவர்கள் உலோகத்துக்கும் அல்லுலோகத்துக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். மாமா கல்லாவிலிருந்து இருமுவார். அவருக்கு இருமல் பிடித்ததே இந்தப் பாடத்தால்தான் என்பது என் எண்ணம்.

போன வாரம் மோதிரம் ஒன்றைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பாமன்கடைப் பகுதியிலிருந்து விசாலி என்றோர் அம்மாவும் மகள் விஷ்ணுப்பிரியாவும் வந்தார்கள். மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை வீட்டார் இதே கடையில் வாங்கிக் கொடுத்த கொலுசு வரிவரியாகக் கறுத்திருந்தது. அம்மா சத்தம் போடவில்லை.

"பொய் வெள்ளி தந்தவையின்ரை வீட்டுக்கு என்ரை பிள்ளையை அனுப்பமாட்டன்" என்றார், அவ்வளவுதான். மகள் கண்ணில் நீர் நிறையக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாபாரம் தெரிந்த காளியப்பன் உடனே புதுக் கொலுசு ஒன்றை எடுத்து நீட்டினார். மருமகன் குறுக்கே கையை வைத்தார்.

"மாத்தாதீங்க மாமா. மாத்தினா பொய்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னிடும்."

கொலுசை எப்படி வைத்திருந்தீர்கள் என்று அம்மாவிடம் விசாரித்தார். கடதாசியில் சுற்றி, றப்பர் பான்ட் போட்டு அலுமாரியில் வைத்தாராம். றப்பரில் கந்தகம் இருக்கிறது, பான்ட் பட்ட இடமெல்லாம் வரி என்றார் இவர். அம்மா நம்பவில்லை. நம்பும்படியாகவா இருக்கிறது?

தேநீருக்கு வைத்த சுடுதண்ணீர் ஒரு கிண்ணத்துக்கு வந்தது. அடியில் அலுமினியத் தாளை விரித்து, அப்பச்சோடாவைக் கொட்டி, கொலுசை அதன்மேல் போட்டார். கந்தகத்துக்கு வெள்ளியைவிட அலுமினியத்தின்மேல்தான் ஆசை அதிகம் என்று நடுவில் ஒரு பாடம். மாமா இருமினார். கூழ்முட்டை நாற்றம் கிளம்ப, அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வரியெல்லாம் மறைந்து கொலுசு வெள்ளையாக வெளியே வந்தது.

அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாரைப் பிழையாக நினைத்துவிட்டேனே என்று மகளிடம் மெல்லச் சொன்னார். மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள். அப்பாடா என்று நானும் எழுந்தேன்.

"தம்பி, இனிக் கறுக்காதுதானே?" என்று கேட்டார் அம்மா.

காளியப்பன் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினார். விஷ்ணுப்பிரியாவும் ஆனந்தகிருஷ்ணனின் வாயையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அலுமினியத் தாளில் ஒரு சாண் கிழித்து, நாலாக மடித்து, கொலுசோடு அம்மா கொண்டுவந்த பைக்குள் வைத்துக் கொடுத்தார்.