என் மனைவிக்கு நான் வைத்த வயது

என் மனைவி என்னைவிட ஏழு வயது சின்னவள். காகிதத்தில் மூன்று வயது பெரியவள். அந்தக் காகிதத்தை எழுத வைத்தவன் நான்.

நான் ஐந்தாவது வரை படித்தேன். அதனால் என் வயதுக்குப் பள்ளிக்கூடச் சான்று உண்டு. அதை யாரும் மாற்ற முடியாது. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் வயதுக்கு வாய்ச்சொல்தான் சான்று. அதையும் அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் இரண்டாவது தறி போட்டோம். ஆரணியில் எங்கள் நெசவாளர் சொசைட்டியில் ஒரு உறுப்பினருக்கு ஒரு தறிக்குத்தான் பட்டுப் பாவு, நீளவாக்கில் பூட்டும் நூல், கொடுப்பார்கள். இரண்டாவது தறிக்கு அவளை உறுப்பினராகச் சேர்க்க வேண்டி வந்தது. நான் போய் எழுத்தர் முன்னால் நின்றேன். அவள் வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

“வயசு இன்னா?” என்றார் எழுத்தர்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எங்கள் தெருக்காரர் காதில் சொன்னார். “ஏத்திப் போடு நைனா. ஜல்தி அறுபதாயி சொசைட்டி பென்ஷன் வரும். என் வூட்ல எட்டு வயசு ஏத்திட்டேன்.”

எங்கள் தெருவில் படிக்காத பெண்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். நான் பத்து ஏற்றினேன். “அம்பத்தி மூணு” என்றேன்.

எழுத்தர் என் உறுப்பினர் அட்டையை எடுத்துப் பார்த்தார். “உனக்கே அம்பதுதான் ஆவுது. இன்னாபா, அக்காவைக் கட்டிகினியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரேகை வாங்க விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் குழியை விட்டு எழவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

“இன்னா எழுதிக்கீது?”

“உன் பேரு.”

கட்டை விரலை வைத்தாள். மிச்ச மையைத் தலையில் துடைத்துக்கொண்டாள். சேலையில் துடைக்க மாட்டாள். சேலையிலிருந்து பாவில் பட்டுவிடும்.

பிறகு அந்த அக்கா கதை தெரு முழுக்கப் பரவியது. என் சிநேகிதர்கள் வாசலில் நின்று “அக்கா இருக்காங்களா?” என்று கேட்பார்கள். “தம்பி சோறு துன்னுகினு கீறாரு, உட்காருங்க” என்று அவளும் உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள். அப்போது அது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

ஏழு வருஷத்தில் காகிதத்தில் அவளுக்கு அறுபது ஆனது. உண்மையில் ஐம்பது. பென்ஷன் வந்தது. சின்னத் தொகைதான். ஆனால் தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் தவறாமல் வந்தது. எங்களுக்கு அப்படி வரும் காசு வேறு எதுவும் இல்லை.

பென்ஷன் வாங்குகிறவர் நெய்யக் கூடாது. அதனால் அவள் தறியை மகன் பெயருக்கு மாற்றினோம். மகன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவைப் பிடிக்கத் தெரியாது. நெய்தது எப்போதும்போல அவள்தான். அதிகாரி தறி பார்க்க வருகிறார் என்று தெருமுனையிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். உடனே அவள் குழியிலிருந்து ஏறி அடுப்பங்கரையில் போய் நிற்பாள்.

“இன்னாம்மா, ரெஸ்ட்டா?” என்பார் அதிகாரி.

“ஆமாங்க சார். வயசாயிடுச்சில்ல.”

அவள் தலைமுடியில் ஜரிகைத் துணுக்கு ஒட்டிக்கொண்டு மின்னும். அதிகாரி அதைப் பார்ப்பார். மகன் பெயரையே எழுதிக்கொண்டு போவார்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தறி இருக்கும் அறைக்குள் நாங்கள் தண்ணீர் கொண்டுபோக மாட்டோம். பட்டில் ஒரு சொட்டு பட்டால் கறை. சேலை திரும்பி வந்துவிடும். என் அப்பா வைத்த சட்டம் அது. நானும் விடவில்லை. குடிக்க வேண்டுமென்றால் குழியிலிருந்து ஏறிப் போக வேண்டும். குடித்தால் மறுபடியும் ஏறிப் புறக்கடைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேலை நிற்கும். ஆண்கள் டீக்கடை சாக்கில் ஏறி இறங்குவோம். அவள் காலையில் ஒரு சொம்பு குடிப்பாள். பிறகு மதியச் சோற்றோடுதான்.

பென்ஷன் வந்த காலத்திலேயே அவளுக்கு இடுப்புக்கு மேலே, வலது பக்கம் வலி வர ஆரம்பித்தது. வந்தால் ஒரு நாள், இரண்டு நாள். சுருண்டு படுத்துக்கொள்வாள். வாயுப்பிடிப்பு என்றோம். பூண்டு நசுக்கிக் கொடுத்தோம். ஊசி போட்டால் நின்றுவிடும். அடுத்த நாள் தறியில் இருப்பாள். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எனக்கு அறுபது ஆக ஏழெட்டு மாதம் இருக்கும்போது சொசைட்டிக்கு வைத்தியக் காப்பீடு வந்தது. கூட்டம் போட்டு விளக்கினார்கள். உறுப்பினர், மனைவி, இன்னும் இரண்டு பேர் சேரலாம். ஆஸ்பத்திரிச் செலவை அவர்களே கட்டுவார்கள். அறுபதுக்குள் சேர்ந்துவிட்டால் பிறகும் தொடரும். அறுபது தாண்டியவர்கள் புதிதாகச் சேர முடியாது.

கூட்டம் முடிந்ததும் எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதே எழுத்தர்.

“உனக்கு ஓகே. உன் வூட்டம்மாவுக்குத்தான் அறுபத்தி ரெண்டு காட்டுது.”

“அது நெசம் இல்லீங்க. உங்களுக்கே தெரியுமே.”

“எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? ஜாதகம் ஏதாவது இருந்தா எடுத்துகினு வா. வயசைத் திருத்தி எழுதறேன். ஆனா பென்ஷன் நின்னுடும். வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க. யோசிச்சுக்க. நாளைக்குக் கடைசி.”

ஜாதகம் இருந்தது. கல்யாணத்தின்போது தேவிகாபுரத்திலிருந்து அவள் அப்பா மஞ்சள் தடவிக் கொண்டுவந்த நோட்டு. தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. எடுத்தேன். பிறந்த வருஷம், மாதம், நாழிகை எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. என் பத்து வருஷப் பொய் அதில் ஒரு வரியில் உடைந்துவிடும்.

அவள் தறியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா காகிதம் அது?”

“பழசு.”

திரும்பப் பெட்டியில் வைத்து மூடினேன்.

பென்ஷன் கையில் வருகிறது. வியாதி வருமோ வராதோ. அப்படித்தான் கணக்குப் போட்டேன். பொய் சொன்னவன் என்று நாலு பேர் முன்னால் நிற்கவும் கூச்சமாக இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இப்போது கேட்டால் கூச்சம்தான் என்பேன்.

மறுநாள் சொசைட்டியில் குடும்பப் போட்டோ எடுத்தார்கள். சுவரோரம் நாலு நாற்காலி. போட்டோக்காரர் கேட்டார். “வூட்டுக்காரங்க வரலீங்களா?”

“இல்ல. நான் மட்டும்தான்.”

“அப்ப நடுவுல வந்து உட்காருங்க.”

நடுவில் நாற்காலி இல்லை. இரண்டாவதில் உட்கார்ந்தேன். காப்பீட்டு அட்டையில் அந்தப் போட்டோதான்; எனக்கு இரண்டு பக்கமும் காலி நாற்காலி தெரியும்.

வீட்டுக்கு வந்து, “உனக்கு வயசு தாண்டிடுச்சாம்” என்றேன்.

“எனக்கா?” சிரித்தாள். “தம்பிக்குக் குடுத்துட்டு அக்காவை வுட்டுட்டாங்களா? சரி வுடுங்க. எனக்கு இன்னா வந்துடப் போவுது.”

ஜாதகத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

மறு வருஷம் எனக்குக் குடல் இறங்கியது. அட்டையை எடுத்துக்கொண்டு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு ரூபாய் கேட்கவில்லை. கட்டில், மின்விசிறி, வேளாவேளைக்குக் கஞ்சி. அவள் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில் டாக்டர் என்னைப் பார்க்க வந்தபோது, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இடுப்பில் தட்டினார். கத்திவிட்டாள். ஸ்கேன் எடுக்க வைத்தார். அதற்கு நான் பணம் கட்டினேன். சிறுநீரகத்தில் கல். பெரியது. வழியில் அடைத்துக்கொண்டிருந்தது.

“தண்ணியே குடிக்க மாட்டீங்களா?”

“தறியில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதுங்க.”

“சீக்கிரம் எடுக்கணும்மா. அட்டை இருக்கில்ல?”

“அவருக்குக் கீதுங்க.”

“உங்களுக்கு?”

“வயசு தாண்டிடுச்சாம்.”

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு எவ்ளோ வயசு?”

“அவரு சொன்ன வயசுங்க.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. வலியில் வாயில் வந்ததைச் சொன்னாள். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தையல் இழுத்தது.

அங்கே அவர்கள் கேட்ட தொகையை எங்களால் புரட்ட முடியாது. கவர்மெண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்குள் வலி நின்றுவிட்டது. தை மாதத்துக் கல்யாணச் சேலை தறியில் பாதியில் இருந்தது. “நெய்ஞ்சு முடிச்சி, தறியிலருந்து அறுத்துட்டுப் போறேன்” என்றாள். அறுத்ததும் அடுத்த பாவு வந்தது. நானும் அழுத்திச் சொல்லவில்லை. அழுத்திச் சொன்னால், அட்டை ஏன் இல்லை என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நான் பயந்தேன்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் காய்ச்சலோடு நினைவு தப்பிவிட்டது. மகன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். வலது சிறுநீரகம் சீழ் பிடித்துப் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். முதலிலேயே கல்லை எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் ஜாதகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தர் சொன்னது, கடைசி நாள், நான் பெட்டியை மூடியது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன்.

அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல என் வயசு கீதா?”

“ஆமா.”

“பழசுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு.”

“ஆமா.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றாள். “பென்ஷனே வாணாம்னு சொல்லியிருப்பேன்னு இல்ல. பென்ஷன்தான் வோணும்னு நானே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம்.”

நோட்டை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தெருவில் யாராவது அக்கா என்று கிண்டல் செய்தால் அவள் பதில் கொடுப்பதில்லை. கொஞ்ச நாளில் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு அறுபத்து நாலு ஆனபோது இன்னொரு காப்பீடு வந்தது. இதில் வயதுத் தடை இல்லை. கணவன், மனைவி இரண்டு பேரும் நேரில் வந்து போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். போனோம். மேசையில் புது எழுத்தர், சின்ன வயசுப் பெண். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

“அம்மாவுக்கு வயசு அறுபத்தி ஏழு. கரெக்டா?” என்று பழைய பதிவைப் பார்த்துக் கேட்டது அந்தப் பெண்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைத் தட்டினாள்.

“அம்பத்தி ஏழு.”

“இதுல வேற மாதிரி இருக்கேம்மா.”

“அது இவரு போட்ட வயசு. என் வயசு அம்பத்தி ஏழு.” இடுப்பிலிருந்து ஜாதகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“திருத்தினா உங்க பென்ஷன் நின்னுடும்மா. இதுக்கு வயசு முக்கியமே இல்ல. எந்த வயசு போட்டாலும் அட்டை வரும். எதுக்கும்மா பேஜாரு?”

“நிக்கட்டும்.”

“வாங்கினதைக் கேட்டா?”

“இவரு கூலியில புடிச்சிக்க.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். சிவப்பு மையில் அடித்து எழுதியது. அவள் ரேகை வைத்தாள். பக்கத்தில் சாட்சி என்று போட்டு என் கையெழுத்தை வாங்கினார்கள். பென்ஷன் நின்றது. வாங்கியதை இன்னும் என் கூலியில் பிடிக்கிறார்கள்.

இந்த அட்டையில் இரண்டு பேரும் இருக்கிறோம். அவள் காமிராவை நேராகப் பார்க்கிறாள். அட்டை இதுவரை எதற்கும் தேவைப்படவில்லை. எடுத்த சிறுநீரகத்தை எந்த அட்டையும் கொடுக்காது.

அவள் இன்னும் நெய்கிறாள், அரை நாள் மட்டும். இருக்கிற ஒன்றைக் காப்பாற்ற நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஒரு சொம்பு தண்ணீரைத் தறி அறைக்குள் கொண்டுபோய், குழியின் ஓரத்தில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறேன். காலியானதும் நிரப்புகிறேன். போன மாதம் தண்ணீர் சிந்தி ஒரு முந்தானையில் கறை விழுந்தது. சேலை திரும்பி வந்தது. மகன் சத்தம் போட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு போய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன்.