அப்பா கூவிய ஏலம்

அப்பாவுக்கு வந்திருக்கும் மறதி நோய்க்கு அல்சைமர் என்று பெயர் சொன்னார் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட என் வாயில் அது நுழையவே இல்லை. அந்த நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து மன்றம் ஓர் ஏலம் வைத்தது. கோயில் ஏலங்களில் கூவிப் பழகியவர் என்று அப்பாவையே கூவ அழைத்தார்கள். ஊர் சிரித்துவிடுமோ என்று மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மேடையேறி வாழைத்தாரைத் தூக்கிக் காட்டினார் அப்பா. "ஒரு தரம்! ரெண்டு தரம்!" அப்படியே நின்றுவிட்டார். பிறகு மறுபடியும், "ஒரு தரம்!" என்று தொடங்கினார்.

யாரோ சிரித்தார்கள். அவரை இறக்கி அழைத்துவர எழுந்தேன். அதற்குள் லோரி ஓட்டுபவர், "இன்னும் அஞ்சு வெள்ளி லா, அண்ணே!" என்று கூடுதல் விலை கேட்டுக் கத்தினார். அப்பா திரும்பவும் இரண்டில் நின்றார். பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் விலையை ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"நீங்க மூணு சொல்ற வரைக்கும் நாங்க விடமாட்டோம், அண்ணே!"

விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில், "மூணு தரம்!" என்று அப்பா முழங்கியபோது மண்டபமே கைதட்டியது.

"யாரு அந்தப் பெரியவரு?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"எங்கப்பா" என்றேன், மேடைவரை கேட்கும்படி.