சாக்கம்மா

இந்த ஊரில் யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை. எங்கள் ஆபீஸ் கேன்டீனில் சாம்பார் ஊற்றும் அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "சாக்கா?" என்று கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் "சாக்கு, சாக்கு" என்பார்கள். போதுமா, போதும் என்று அர்த்தம். பெங்களூருக்கு வந்து பதினோரு வருடமாகிறது. நான் மட்டும் இன்னமும் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு நகர்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பின்னால் நிற்பவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சொல்லை நான் வேறொன்றுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்குச் சாக்கு என்றால் அரிசி வரும் கோணி, இல்லையென்றால் வேலைக்கு வராததற்குச் சொல்லும் காரணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வந்த புதிதில் பஸ்ஸில் ஒரு வயதான அம்மாவின் கூடையை இறக்கிவைக்க உதவினேன். அவர் "பிடி, பிடி" என்றார். நானும் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் இழுக்க, நான் பிடிக்க, கூடையே கிழிந்துபோகும் போலிருந்தது. நம்முடைய 'விடுங்கள்'தான் இவர்கள் வாயில் 'பிடி' என்று வருகிறது என்பதைக் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பஸ்ஸே சிரித்தது.

பதினோரு வருடத்தில் கன்னடம் வராதா என்று கேட்பீர்கள். என் பிழைப்பு அப்படி. தமிழ் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் கால் சென்டரில் வேலை. எட்டு மணி நேரமும் தேனிக்காரரிடமும் திண்டிவனத்துக்காரரிடமும் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒக்கலிபுரத்தில் வீடு, சுற்றிலும் தமிழ்தான். ஹெட்செட்டைக் கழற்றினால்தான் கர்நாடகத்தில் இருக்கிறேன் என்பதே ஞாபகம் வரும்.

இப்படிப்பட்ட என் வீட்டுக்குத்தான் பூமிகா வந்தாள். ஏழு வயது, கன்னடக் குழந்தை. ஆனேக்கல் பக்கம் ஒரு விபத்தில் அவள் அம்மாவுக்குத் தலையில் பலத்த அடி; நீண்ட நாள் சிகிச்சை. வேறு சொந்தம் என்று யாருமில்லை. அம்மா எழுந்து நடமாடும்வரை வளர்ப்பதற்குக் குழந்தைகள் நல அதிகாரிகள் ஒரு வீடு தேடினார்கள். கல்யாணமாகாத, நாற்பதைத் தாண்டிய நான் மனுப் போட்டிருந்தேன். விசாரணை, போலீஸ் சான்றிதழ், வீட்டுப் புகைப்படம் எல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை அவள் கையை என் கையில் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட்.

அம்மாவும் வேலைக்குப் போவார், பிள்ளையும் வளரும் என்பதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். குடியாத்தத்தில் நான் அப்படித்தானே வளர்ந்தேன். என் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். அவர் காதிலும் ஒரு ஹெட்செட். பள்ளிவிட்டு நான் போவது எதிர்வீட்டு மலர் அக்கா வீட்டுக்கு. அவர் பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே சீப்பில் தலைவாரல், திட்டு விழுந்தாலும் சரிபங்கு. அம்மா ஆறு மணிக்கு வந்து கூப்பிட்டால் எனக்குப் போக மனசே வராது. "இந்தப் பொண்ணு உனக்கு யாரு?" என்று மலர் அக்காவை ஒருவரும் கேட்டதில்லை, கையெழுத்தும் வாங்கியதில்லை. அந்த ஆறு மணி வெளிச்சத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

இங்கே மலர் அக்காவின் இடத்துக்கு வந்தவர் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா. கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி; வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்று இரண்டும் தண்ணீராக ஓடும். அக்கா முடிந்த நாளெல்லாம் பூமிகாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவார். முடியாத நாளில் நான் ஓட வேண்டும். வாடிக்கையாளர் போனை வைத்தால்தானே நான் எழுந்திருக்க முடியும்? "என்னங்க மேடம், இன்னைக்கு என்ன சாக்கு?" என்பார் எங்கள் மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர். மூன்று முறை பள்ளி வாசலில் அவள் தனியாகக் காத்திருந்தாள். மூன்றாம் முறை வாட்ச்மேன் தன் ஸ்டூலைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். பள்ளியிலிருந்து அதிகாரிகளுக்குத் தகவல் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம் அதிகாரி வந்தார். நல்ல மனுஷி, அதட்டல் கிடையாது. இந்தப் பிள்ளை என்னிடம் தொடரலாமா என்று அன்றைக்கு அவர் எழுத வேண்டும். மொழிக்கு உதவியாக ஸ்டெல்லா அக்காவும் இருந்தார். அதிகாரி பூமிகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்னைக் காட்டி, "இவரு நினகெ யாராகபேக்கு?" என்றார். இவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. பூமிகா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சாக்கம்மா."

போதும்மா. தினமும் சாப்பாட்டுத் தட்டில் என் கையைத் தள்ளிவிட்டு, "சாக்கு ஆன்ட்டி" என்பாளே, அதே சொல். வந்த நாளிலிருந்து நான் அவளுக்கு ஆன்ட்டிதான். இப்போது அதிகாரி அம்மாவிடம், போதும், என்னைக் கூட்டிப் போங்கள் என்கிறாள். அழுதுவிடுவேன் என்று பயந்து, அழுகைக்குப் பதில் கோபத்தை எடுத்துக்கொண்டேன். அது என் பழைய புத்தி. விறுவிறுவென்று உள்ளே போய் அவளுடைய கவுன்கள், நோட்டுகள், கலர் பென்சில் டப்பா எல்லாவற்றையும் பையில் திணித்துக் கொண்டுவந்து அதிகாரியின் காலடியில் வைத்தேன்.

"போதும்னு அவளே சொல்லிட்டா மேடம். நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

பூமிகா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சத்தமே வராமல் அழ ஆரம்பித்தாள்.

"ஏம்மா, உனக்கு மூள இருக்குதா?" என்றார் ஸ்டெல்லா அக்கா. "இன்னாத்துக்கு மூட்ட கட்டற? அவ இன்னா சொன்னான்னு தெரியுமா?"

"போதும்மான்னு சொன்னா."

"நல்லா கேட்ட போ. சாக்குன்னா வளக்கறதும்தான். சாக்கு நாயின்னு சொல்றாங்க இல்ல, வளக்கற நாய? அத்த மாதிரி சாக்கு அம்மா. பெத்த அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறா, சாக்கு அம்மா ஆபீஸ்ல இருக்கறான்னு கிளாஸ்ல சொல்றதுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். உன்ன அம்மாங்குது அந்தப் புள்ள. நீ பைய கட்டற."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார், சிரித்தாரா தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு இன்னொரு அவமானம். பிள்ளையைக் கட்டிக்கொள்ளக்கூட அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக அவள் கண்ணெதிரிலேயே திரும்ப அலமாரியில் வைத்தேன். கடைசியாகக் கலர் பென்சில் டப்பாவை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்டெல்லா அக்காவின் பெயரையும் காகிதத்தில் சேர்த்து, தொடரலாம் என்று அதிகாரி எழுதிப் போனார். நான் டீம் லீடர் பொறுப்பை விட்டு, சீக்கிரம் முடியும் ஷிஃப்டுக்கு மாறினேன். மேனேஜர் வருத்தப்பட்டார்; நான் படவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது மாதம். தினமும் மூன்றரை மணிக்குப் பள்ளி வாசல். தண்டவாளத்து ஓரமாக நடந்து வரும்போது தண்ணீர் பாட்டிலைக் காதில் வைத்து, என் குரலிலேயே "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்பாள். அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான். இன்றைக்கும் அந்த வரியை ஒரு நாளில் எத்தனையோ தடவை சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் குரலில்தான் எனக்குக் கேட்கிறது.

அவள் அம்மா தேறிவிட்டார். தேற வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. போன வருடம் பூமிகா ஆனேக்கலுக்குத் திரும்பினாள். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மஞ்சுளா, அவளைப் பெற்றவர், என்னை அக்கா என்கிறார். இன்னமும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். ராகிக் களியும் கீரைச் சாறும் போட்டு, "சாக்கா அக்கா?" என்று கேட்பார். எனக்கு வாய் வராது. அவர் பரிமாறிக்கொண்டே இருப்பார், நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

போன ஞாயிறும் பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் வந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பூமிகா எட்டிக் கையை நீட்டினாள்; பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், வண்டி அசைந்தது, பிள்ளை கூடவே நாலு அடி நடந்தாள். மஞ்சுளா பின்னாலிருந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு, எனக்கு நோகாதபடி மெதுவாகத்தான் சொன்னார்:

"சாக்கு, பிடி அக்கா."

போதும், விடுங்கள் அக்கா என்கிறார். பதினோரு வருடத்தில் அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கு வந்திருக்கிறது. கையை விட்டேன். ஆனால் குடியாத்தத்தில் பேசக் கற்றுக்கொண்ட என் காதில், அத்திபெலே தாண்டியும் அது பிடி, பிடி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.