வில்மாவின் பிடிலும் டெல்வினின் வாயும்

வில்மா ஹ்ராடெக்குக்கு ஹாலிவுட்டில் பதினோரு வருடமாக ஒரே வேலை, நடிகைகளை அழவைப்பது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பிடில் வாசிப்பாள். ஊமைப் படம்தானே, வாசித்தது எதுவும் பதியாது. நெப்ராஸ்காவிலிருந்து கச்சேரி ஆசையோடு வந்தவள், ஆரஞ்சுத் தோப்பை ஒட்டிய படப்பிடிப்புக் கொட்டகையில் ஒரே சோக மெட்டை எத்தனை ஆயிரம் தடவை வாசித்தாளோ!

டைரக்டர் ஆம்ப்ரோஸ் டெல்வினோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியமா? கேமரா ஓடும்போதே தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்துவார். "திரும்பும்மா! கடுதாசியைப் பாரு! அழு, இன்னும் அழு!" கத்திக் கத்தியே பெரிய ஆளானார். மற்ற டைரக்டர்களெல்லாம் அவரைப் பார்த்துத்தான் காப்பியடித்தார்கள். ஆனால் ஒரு தப்பு நடந்தால் போதும், பழி அடுத்தவர் தலையில்தான். வெயில் சரியில்லை, நடிகை சரியில்லை, கடைசியில் "வில்மா சுருதி தப்பிட்டா." ஒருமுறை குதிரை மிரண்டு ஓடியதற்குக்கூட அவள் பிடில்தான் காரணமாம்!

பேசும் படம் வந்தது. மைக் வைத்த பிறகும் டெல்வின் வாய் அடங்கவில்லை. ஒரே வாரத்தில் பதினேழு ஷாட் பாழ். ஸ்டுடியோ முதலாளியே தளத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னும் ஒரு ஷாட்டை யாராவது சத்தம் போட்டுக் கெடுத்தா, அவங்க நாளைக்கு வரவேண்டாம். உங்களையும் சேர்த்துத்தான், டெல்வின்."

வில்மாவை ஸ்டுடியோ வாத்தியக் குழுவில் அடுத்த வாரம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவளுக்கு இட்ட வேலை, டெல்வின் வாயைப் பார்த்துக்கொள்வது. தலையெழுத்து!

"பேசினீங்கன்னா கழுத்தை நெரிச்சிடுவேன், சார்."

"நானாம்மா பேசுறேன்? தானா வருது."

"வரும், வரும். இதைப் போட்டுக்குங்க." ஒரு முழு டோனட்டை அவர் வாயில் திணித்து, மேலே கையையும் வைத்து அழுத்தினாள்.

ஷாட் தொடங்கியது. செத்துப்போன அண்ணன் எழுதிய கடிதத்தை நடிகை க்ளோரிஸ் பிரித்தாள், படித்தாள், பொலபொலவென்று அழுதாள். டெல்வினிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பாடா என்று கையை எடுத்தாள் வில்மா.

ஒலிப்பதிவுக்காரன் மெர்வின் கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தான். "யாருய்யா முனகினது? சோகமா ஒரு மெட்டு, முழுசா பதிஞ்சிருக்கு!"

வில்மா தன் பிடிலைத் திரும்பிப் பார்த்தாள். அது பெட்டிக்குள் கிடந்தது. பதினோரு வருடப் பழக்கத்தில் தொண்டை தானாகவே வாசித்துவிட்டிருந்தது. போச்சு, வாத்தியக் குழுவும் போச்சு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

டெல்வின் டோனட்டை விழுங்கினார். "நான்தான்" என்றார்.

"வாயில பலகாரத்தை வச்சுக்கிட்டா?" என்று கேட்டார் முதலாளி.

"மூக்கால."

தகரக் குழாயை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். வில்மா வாசல்வரை துரத்திக்கொண்டு ஓடினாள்.

"உங்களை யாரு சார் கேட்டா? நான் செய்யாத தப்பையெல்லாம் என் தலையில கட்டினீங்க. செஞ்சது இந்த ஒண்ணுதான், அதைப் போய் நீங்க எடுத்துக்கிட்டீங்களே!"

"சுருதி சுத்தமா இருந்துச்சும்மா" என்றார் டெல்வின். "எப்பவுமே சுத்தம்தான்."

பதினோரு வருடத்தில் இதைச் சொல்ல இன்றைக்குத்தானா வாய் வந்தது இந்த மனுஷனுக்கு! ஆத்திரம் தாங்காமல் வில்மா நடுத்தெருவில் நின்று அழுதாள்.